நச்சுப்பால் எலியும் ஆட்டுக்குட்டி நாயும்

அன்புள்ள ஐயா,

உடலில் செம்பு மண்டிவிடும் பரம்பரை நோயான வில்சன் நோய் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் தங்கைக்கு அந்த நோய் இருக்கிறது. பெட்லிங்டன் டெரியர் நாய்க்கும் ‘இதே நோய்’ வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவரை அந்த நாயின் மரபணுக் கோளாறு வேறு. மூளை பாதிப்பு இல்லை, கண்ணில் செம்பு வளையமும் இல்லை. இப்படி அரைகுறையாகப் பொருந்தும் விலங்குகளை வைத்து மனிதர்களின் நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? தங்கை வேறு, “எலிக்குக் கொடுத்துப் பார்த்த மாத்திரையைத்தான் நான் விழுங்குகிறேனா?” என்று கேட்கிறாள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நாய் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன், கட்டுரையில் திருத்தியாயிற்று. ஆனால் பொருந்தாத இடம் வீண் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த இடங்கள்தான் சுவாரசியம்.

உணவில் வரும் செம்பு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் கொஞ்சத்தைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பும், மிச்சத்தைப் பித்தநீரில் வெளியே தள்ளும். இரண்டு வேலையையும் செய்வது ஏடிபி7பி என்ற ஒரே பம்ப். அதன் மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். வில்சன் நோயில் பழுதாவது இந்தப் பம்ப்தான். அதனால் கல்லீரலில் செம்பு சேரும், கூடவே ரத்தத்தில் செருலோபிளாஸ்மினும் குறையும்.

இப்போது நாய்க்கு வருவோம். பெட்லிங்டன் டெரியர் பார்ப்பதற்கு ஆட்டுக்குட்டி மாதிரியே இருக்கும். உலர்ந்த கல்லீரலில் ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராம் செம்பைத் தாண்டினால் மனிதரில் வில்சன் நோயைச் சந்தேகிப்பார்கள். இந்த நாயில் அது 10,000 வரைகூடப் போகும். ஆனாலும் செருலோபிளாஸ்மின் குறைவதில்லை. பம்ப் பழுது என்றால் இது எப்படி? 2002இல் பதில் கிடைத்தது. பழுதானது வேறொரு மரபணு, இன்றைய பெயர் காம்டி1. செம்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. நாய் நம் நோயை அப்படியே நகலெடுத்திருந்தால், தெரிந்த மரபணுவையே இன்னொரு தடவை கண்டுபிடித்திருப்போம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது சுண்டெலிக் கதை. 1983இல் பதிவான ஒரு சுண்டெலி வகைக்கு ‘நச்சுப்பால்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தாயிடம் பால் குடித்த குட்டிகள் இரண்டு வாரத்தில் செத்துப்போயின. வேறு தாயின் ஆரோக்கியமான குட்டியை அதனிடம் விட்டாலும் பிழைக்கவில்லை. அதன் குட்டியை நல்ல தாயிடம் மாற்றிவிட்டால் பிழைத்துக்கொண்டது. பாலில் ஏதோ விஷம் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் விஷம் எதுவும் இல்லை; பாலில் செம்பு போதவில்லை! தாயின் கல்லீரலில் செம்பு மண்டிக் கிடக்கிறது, குட்டியோ செம்புக்கு ஏங்கிச் சாகிறது. பித்தநீருக்குள் செம்பைத் தள்ளும் அதே பம்ப்தான் பாலுக்குள்ளும் அதைத் தள்ளுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே பழுது. மனிதரின் கல்லீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது புலப்பட்டிருக்குமா, தெரியவில்லை. பெயரை மட்டும் இன்னும் யாரும் மாற்றவில்லை.

நீங்கள் கேட்ட எலிகளில் பிரபலமானது ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உருவான, லவங்கப்பட்டை நிறத்து எல்இசி எலி. நாலு மாத வயதில் திடீரென மஞ்சள் காமாலை வரும், பல அதிலேயே இறந்துபோகும். தப்பியவற்றுக்குப் பின்னால் கல்லீரல் புற்றுநோய் வரும். இதில் பழுதானது நம்முடைய அதே பம்ப்தான், 1994இல் உறுதியானது. ஆனால் வில்சன் நோயாளிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் அரிது. ஒரே மரபணு, ஒரே உலோகம், முடிவு மட்டும் வேறு. மூளை பாதிப்பைப் படிக்க இந்த எலி பெரிதாக உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கல்லீரலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் தங்கையின் கேள்வி. அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பெனிசிலமைன் என்று வைத்துக்கொள்வோம். அதை வில்சன் நோய்க்கு 1956இல் கொண்டுவந்தவர் ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர். பெனிசிலின் எடுத்துக்கொண்ட கல்லீரல் நோயாளியின் சிறுநீரில் அந்தப் பொருளைப் பார்த்திருந்தார். அதன் அமைப்பு செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு அவருக்குப் பொறிதட்டியது. நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். எல்இசி எலி வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. அதற்கும் பெனிசிலமைன் கொடுத்தார்கள், காமாலை வராமல் தடுத்தது. ஆக, தங்கையிடம் சொல்லுங்கள்: மனிதர்கள் விழுங்கிய மாத்திரையைத்தான் அந்த எலி விழுங்கியது.