ஒன்பதரை மணிச் சாப்பாடு

வணக்கம் சார்,

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். வரும் செப்டம்பரில் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினின் சலமன்காவுக்குப் போகிறேன். ஸ்பானிஷ் பி1 (இடைநிலை) வரை முடித்தும் பேச வாய் வரவில்லை. நீங்கள் அங்கே ஒரு செமஸ்டர் படித்ததாக எழுதியிருந்தீர்கள். கூட வரும் இரண்டு தமிழ்த் தோழிகளோடு ஒரே வீட்டில் தங்கலாமா? நான் சைவம் வேறு. போவதற்கு முன் என்ன படித்து வைக்கட்டும்?

ம.

அன்புள்ள ம.,

தோழிகளோடு தங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து சாம்பார் வையுங்கள், வீடு மட்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

ஆனால் அது மட்டும் போதாது. நான் ஸ்பானிய மாணவர்கள் இருவரோடுதான் இருந்தேன். எட்டு மணிக்கே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர்கள் சாப்பிட உட்காருவது ஒன்பதரைக்கு. ஒன்றரை மாதம் ‘ஓலா’வை, அதாவது ‘ஹலோ’வை, தாண்டவில்லை.

அவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு கடிகாரத்தில். 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் அதை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தார்கள், இன்றுவரை அப்படியே. கோடையில் சலமன்காவில் சூரியன் உச்சிக்கு வரவே இரண்டேகால் தாண்டிவிடும். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு என்றால் வயிறு சூரியனைப் பார்த்து நடக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பிட்ட பின் எழுந்திருக்காமல் மேசையிலேயே பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் தனிச்சொல்லே உண்டு: சோப்ரெமேசா. எனக்கு மொழி வந்தது அங்கேதான். முதல் சில வாரம் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள்.

சைவம் கொஞ்சம் கஷ்டம்தான். பருப்பு கேட்டால் அதில் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல் ‘ஹமோனும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லுங்கள். பன்றித்தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்குத் தொர்த்தியா என்ற தடித்த ஆம்லெட் காப்பாற்றும்.

உச்சரிப்புக்குப் பயப்படாதீர்கள். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். நாகர்கோவில்காரர் றகரத்தை உருட்டுவதைக் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: அங்கே பேராசிரியரையே ‘தூ’ என்பார்கள், அதாவது ‘நீ’. ஜனவரி வரை என் நாக்கு அதற்கு மடங்கவில்லை.

படித்து வைக்க ஒன்றுமில்லை. படிக்கக் கூடாதது ஒன்று உண்டு. 1218-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் முகப்புச் சிற்பங்களுக்குள் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கும். யாரும் காட்டாமல் தானே கண்டுபிடிப்பவர் பரீட்சையில் தேறுவார் என்பது மாணவர் நம்பிக்கை. இணையத்தில் படம் தேடாதீர்கள். எனக்கு வீட்டுக்காரப் பையன் முதல் நாளே விரலை நீட்டிக் காட்டிவிட்டான். ஒரு பாடம் போயிற்று.