கொடுத்தது இருபது குப்பி, எழுதியது ஒரே வரி

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்ன மருத்துவமனை நடத்தும் பொது மருத்துவர் நான். பாம்புக்கடியோடு வந்த ஒருவருக்கு 20 குப்பி விஷமுறிவு மருந்து கொடுத்து பில் போட்டோம். கேஸ் ஷீட்டில் ஆதாரம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் பாதித் தொகையை நிறுத்திவிட்டது. கொடுத்தது உண்மை. “இப்ப எழுதிச் சேர்த்து அனுப்பிடலாம் சார்” என்கிறார் பில்லிங் பார்க்கும் தம்பி. இதற்கு நடுவில் இன்னொரு குடும்பம், டிஸ்சார்ஜ் சம்மரியில் சுகர் என்று எழுத வேண்டாம் எனக் கெஞ்சுகிறது. என்ன செய்யட்டும்? (கேஸ் ஷீட் நகலைப் பெயர் மறைத்து இணைத்துள்ளேன்.)

பதில்: டாக்டர், அந்தத் தம்பி சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். முதலில் அனுப்பிய நகல் காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய தேதியில் புதிதாக ஒரு வரி ஏறினால், இன்றைக்கு வெறும் பணத் தகராறாக இருப்பது நாளைக்கு மோசடிப் புகாராகிவிடும்.

நகலைப் பார்த்தேன். “ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது.” விஷமுறிவு மருந்தைப் பற்றி அவ்வளவுதான். எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு, இரண்டாவது தடவை ஏன், ஒன்றும் இல்லை. நாற்று பறிக்கும்போது கடிபட்டவர், கண்ணாடி விரியன் என்று சந்தேகம். சேர்த்ததும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்திருப்பீர்கள். உறையவில்லை என்று 10 குப்பி போட்டிருப்பீர்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தும் உறையாததால் இன்னும் 10. வைத்தியம் சரி. ஆனால் இதெல்லாம் உங்கள் நினைவில்தான் இருக்கிறது, தாளில் இல்லையே! சோதனைக் குழாயைச் சாய்த்துப் பார்த்த இரண்டு நேரங்களும், பக்கத்தில் ‘உறையவில்லை’ என்ற சொல்லும் இருந்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பாம்புக்கடியைத் தமிழக அரசு 2024-இல் அறிவிக்கத்தக்க நோயாக்கிவிட்டது, அதாவது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அரசுக்குப் போகும் தகவலும் கேஸ் ஷீட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போதும் வழி இருக்கிறது. சிஸ்டரின் மருந்துச் சார்ட்டைத் தேடி எடுங்கள். மருந்து கொடுத்த நேரம் அதில் இருக்க வேண்டும். பார்மசி கணக்கில் பேட்ச் எண்ணும் எண்ணிக்கையும் கிடைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு, தனித் தாளில் ‘பிற்சேர்க்கை’ என்று தலைப்பிட்டு, எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பதையும் சொல்லி, இன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். சார்ட்டில் 16 குப்பிதான் தேறுகிறது என்றால் 16 என்றே எழுதி பில்லையும் குறையுங்கள். நோயாளியின் வீட்டாரிடம் கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கொடுத்ததைக் காலை ரவுண்ட்ஸில் எழுதிக்கொள்ளலாம் என்பது நம் ஊர் சின்ன ஆஸ்பத்திரிகளில் சகஜம். அதற்குள் பில் தயாராகிவிடுகிறது. கேஸ் ஷீட் அதன் பின்னால் ஓடுகிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். கேஸ் ஷீட்டில் இல்லாதது பில்லில் ஏறக்கூடாது என்று பில்லிங்கில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் பாருங்கள், டியூட்டி டாக்டர் தானாக எழுதுவார். எழுதியது தவறென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பழையது படிக்கும்படி விட்டு, சுருக்கொப்பமும் தேதியும் நேரமும் இடட்டும். நர்ஸிங் ஸ்டேஷனில் வைட்னருக்கு வேலையே இல்லை.

சுகர் விஷயம். மறைக்க முடியாது. நாளைக்கு அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கிருக்கும் டாக்டர் உங்கள் தாளை நம்பித்தான் மருந்து போடுவார். ஆனால் எத்தனை வருடமாக என்பதில் ஜாக்கிரதை. ஓ.பி. சீட்டில் நாலு வருடம், கூட வந்த மச்சான் பேச்சைக் கேட்டு அட்மிஷன் நோட்டில் பத்து வருடம் என்று இருந்தால், அந்த முரணே கிளெய்மைக் கவிழ்த்துவிடும். யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தை பாலிசி எப்போது எடுத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, பாலிசி விடாமல் 60 மாதம் ஓடியிருந்தால், முன்பே நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக கிளெய்மைத் தள்ள முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. அவர்கள் பயப்படுவது வீணாகவும் இருக்கலாம்.

அவர்கள் கேஸ் ஷீட் நகல் கேட்டால் பில் பாக்கியைக் காட்டி இழுத்தடிக்காதீர்கள். 2002 மருத்துவ நெறி விதிகள் 72 மணி நேரம்தான் தருகின்றன. உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வழக்கு ஏதும் ஓடினால் அது முடியும்வரை வைத்திருங்கள். மாடிப்படிக்கு அடியில் மூட்டை கட்டிப் போடாமல் மேல்தளத்தில் அடுக்குங்கள். ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே வரும் ஊர் நம்முடையது.