‘நாலு வருஷமா ஒன்றும் ஆகவில்லையே!’: டீ ட்ரீ ஆயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டீ ட்ரீ ஆயில் பற்றியவைதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டீ ட்ரீ ஆயில் எத்தனை துளி போட வேண்டும்?

எதற்கு? எதில் கலக்க? எங்கே பூச? இந்த மூன்றும் இல்லாமல் வெறும் ஒற்றை வரியை ஏழெட்டுப் பேர் அனுப்பியிருக்கிறீர்கள். எழுதும்போது இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பொதுக் கணக்கு இதுதான்: 1 மில்லி சுமார் 20 துளி. 30 மில்லி கேரியர் ஆயிலில் (கலக்க எடுக்கும் தேங்காய் எண்ணெய் போன்ற சாதாரண எண்ணெய்) 6 துளி விட்டால் 1 சதவீதம், 12 துளி விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு 1, உடம்புக்கு 2. கலந்ததை முழங்கையின் உட்புறம் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடத்துக்குப் போங்கள். கலக்காமல் பூசாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் டீத்தூளை ஊறவைத்து வீட்டிலேயே டீ ட்ரீ ஆயில் தயாரிக்கலாமா மேடம்?

முடியாது அம்மா. நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவே இல்லை. இது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற ஆஸ்திரேலிய மரம். அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடியினர் அதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்கு வைத்தார்கள். கேப்டன் குக்குடன் போன மாலுமிகள் அந்தப் பக்கத்துச் செடிகள் சிலவற்றின் இலையைத் தேயிலைக்குப் பதிலாகக் கொதிக்க வைத்துக் குடித்ததால் ‘டீ ட்ரீ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலையை நீராவியில் காய்ச்சி வடித்தால்தான் எண்ணெய். 100 கிலோ இலைக்கு ஒன்று, இரண்டு கிலோதான் தேறும். இதை ‘தேயிலை எண்ணெய்’ என்று மொழிபெயர்ப்பவர்களால் வரும் குழப்பம் இது. தேயிலை விதையிலிருந்து எடுக்கும் சமையல் எண்ணெய் ஒன்று தனியாக இருக்கிறது. இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

முகப்பருவுக்குப் பத்து நாள் போட்டேன், பலனில்லை. விட்டுவிடவா?

பத்து நாள் போதாது. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடு மருந்தை 5 சதவீதத்திலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் தோல் காய்வதும் உரிவதும் அதில் குறைவு. இரண்டு, மூன்று மாதம் பொறுங்கள். அது முறையாகத் தயாரித்த ஜெல் என்பதால் 5 சதவீதம். வீட்டுக் கலவையை 1 சதவீதத்தில் தொடங்குங்கள். முகம் எண்ணெய் வழிகிற வகை என்றால் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரில் கலக்கலாம். தண்ணீரில் கலக்காதீர்கள். எண்ணெய் மேலே மிதக்கும், முதலில் தொடும் விரலில் மொத்தமும் ஏறும்.

நாலு வருடமாக ஒரே பாட்டில்தான் வைத்திருக்கிறேன். பருவோ பூச்சிக்கடியோ, கலக்காமல் ஒரு சொட்டு வைப்பேன், ஒன்றும் ஆனதில்லை. இப்போது திடீரென்று கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கிறது. கடைக்காரர் போலி எண்ணெய் கொடுத்துவிட்டாரா?

போலியாக இருந்தால் நான்கு வருடம் கழித்தா தெரியும்? உங்கள் எண்ணெய் நல்லதாகவே இருந்திருக்கும். வைத்திருந்த விதமும் பூசிய விதமும்தான் தவறு.

எல்லாரும் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். காற்று, வெளிச்சம், வெப்பம் மூன்றும் பட்டால் டீ ட்ரீ ஆயில் கெட்டுப்போகும். உள்ளே இருக்கும் டெர்பின்கள் என்ற வாசனைப் பொருள்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகள், அஸ்காரிடோல் போன்ற வேறு பொருள்களாக மாறும். தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் புதிய எண்ணெயைவிட இவை பல மடங்கு கெட்டவை. பாட்டிலில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடும். ஆகவே கடைசிக் கால் பாட்டில்தான் வேகமாகக் கெடும். நீங்கள் வீணாக்க மனமில்லாமல் வைத்துப் பூசியது அந்தக் கால் பாட்டிலைத்தான்.

இன்னொன்று. ஒவ்வாமை முதல் நாளே வராது. திரும்பத் திரும்பத் தொட்ட பிறகுதான் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். பதிந்த பிறகு ஒரு சொட்டு போதும். ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை’ என்பதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த பாட்டிலை எடுத்துப் பாருங்கள். மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? நல்ல எண்ணெயில் கற்பூரமும் ஜாதிக்காயும் கலந்தாற்போல் ஒரு பச்சை வாசம் வரும். கெட்டதில் டர்பென்டைன் மாதிரி மூக்கைக் குத்தும். வாசம் மாறாமலும் கெட்டிருக்கலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்பாதீர்கள், தேதியை நம்புங்கள். திறந்த அன்றே பாட்டிலின் அடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். என் கணக்கு ஒரு வருடம், அதற்கு மேல் தோலுக்குக் கிடையாது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஜன்னல் ஓரத்தில் கிடந்த அரை பாட்டிலை எடுத்துக் கையில் பூசி, மணிக்கட்டில் பட்ட கொப்புளத்தோடு மூன்று வாரம் தவித்தேன். அன்றிலிருந்து தேதி ஒட்டாத பாட்டிலை நான் தொடுவதில்லை.

பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், துளித்துளியாக விழும் உள்மூடியோடு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரப்பர் டிராப்பரைப் பாட்டிலிலேயே மாட்டி வைக்காதீர்கள், ரப்பர் கரைந்து எண்ணெயில் இறங்கும். குளியலறை அலமாரி இதற்கு மிக மோசமான இடம். அரிப்புக்கு: எண்ணெயை அடியோடு நிறுத்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். டீ ட்ரீ சேர்த்த ஷாம்பு, சோப்பு, ஃபேஸ்வாஷ் எதுவும் இனி வேண்டாம், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

நல்ல எண்ணெய் என்று எப்படி அறிவது?

டீ ட்ரீ ஆயிலுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730-ஐக் கேளுங்கள். எண்ணெயின் முக்கியப் பொருளான டெர்பினென்-4-ஆல் 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இன்னொரு பொருளான சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பரிசோதனை அறிக்கை தராதவரிடம் வாங்காதீர்கள்.

பொடுகு?

கேட்கும். 5 சதவீத ஷாம்புவை 4 வாரம் போட்ட ஆய்வில் 40 சதவீத அளவுக்குப் பொடுகு குறைந்தது, வெறும் ஷாம்பு போட்டவர்களுக்குப் 10 சதவீதம்தான். தலையில் மூன்று நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

சூடு பட்ட இடத்தில் உடனே தடவலாமா?

கூடாது. 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். எந்த எண்ணெயும் வேண்டாம்.

கால் நகத்தில் பூஞ்சை. மூன்று மாதமாகப் போடுகிறேன்.

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் ஐயா. 1994-இல் வந்த ஆய்வில் ஆறு மாதம் தினம் இரண்டு வேளை பூசியும் பூஞ்சை முழுதாகப் போனது ஐந்தில் ஒருவருக்கும் குறைவுதான். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து போட்டவர்களுக்கும் நிலைமை அதேதான். நகம் தடிமன், மருந்து உள்ளே இறங்காது. உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். உண்டு என்றால் காலில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

வாய்ப்புண்ணுக்கு இரண்டு சொட்டு தண்ணீரில் விட்டுக் கொப்பளிக்கிறேன். கொஞ்சம் உள்ளே போனால்?

நிறுத்துங்கள். இது உள்ளே போகக் கூடாத எண்ணெய். 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த குழந்தைகள் தள்ளாடி, மயக்க நிலைக்குப் போயிருக்கிறார்கள். கொப்பளிக்கக் கொடுத்தாலும் தவறி விழுங்கத்தான் செய்வோம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் ஏறிவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எப்போதும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

பூனைக்கு உண்ணி. கழுத்தில் ஒரு சொட்டு வைக்கலாமா? ஹாலில் எண்ணெய் வாசத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரும் ஓடுகிறது.

வைக்கவே கூடாது. கலக்காத எண்ணெயைப் பூசி நஞ்சேறிய நாய், பூனைகள் 2002 முதல் 2012 வரை அமெரிக்காவில் மட்டும் 440-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. எச்சில் வடியும், கால் தள்ளாடும், நடுங்கும். பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருப்பதால் தோலில் வைத்ததெல்லாம் வயிற்றுக்கும் போகும், அதன் கல்லீரலால் அதை எளிதில் முறித்து வெளியேற்ற முடியாது. ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா, இனிமேல்தானா என்று உங்கள் கடிதத்தில் தெளிவில்லை. வைத்திருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். டிஃப்யூசரை இப்போதே அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.