டெத் நோட்டுக்கு அப்புறம் எதைப் பார்ப்பது?

ஜப்பானிய அனிமேஷன் தொடரான 'டெத் நோட்' 25ஆம் எபிசோடுக்குப் பிறகு சப்பென்று ஆகிவிட்டது, அதே மாதிரி மூளையும் மூளையும் மோதும் தொடர் வேண்டும், ஆனால் நூற்றுக்கணக்கில் எபிசோடு இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்துக்குப் பிறகு எனக்கும் கை தானாக ஃபார்வர்டு பொத்தானுக்குத்தான் போனது.

என் ஓட்டு 'மான்ஸ்டர்'. 'டெத் நோட்'டை எடுத்த அதே மேட்ஹவுஸ் ஸ்டூடியோ, 2004இல் வந்தது. 74 எபிசோடு என்றதும் ஓடிவிடாதீர்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் டென்மா, மேயரைக் கவனி என்று மேலிடம் சொல்லியும், தலையில் குண்டு பாய்ந்து முதலில் வந்த சிறுவனுக்கே ஆபரேஷன் செய்கிறார். பிழைத்த பையன் என்னவாக வளர்கிறான் என்பதுதான் கதை. 'டெத் நோட்'டில் வருவது போல், பெயரை எழுதினால் ஆள் சாகும் மந்திர நோட்டெல்லாம் கிடையாது. குரலை உயர்த்தாமல் பேசியே ஆளைச் சாய்த்துவிடுவான் வில்லன். நடுவில் கிளைக்கதைகள் வந்து வேகம் குறையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நேரம் இல்லையா? சரி, எதிர்காலத்தில் நடக்கும் போலீஸ் கதையான 'சைக்கோ பாஸ்' முதல் சீசன் மட்டும் பாருங்கள், 22 எபிசோடு. காலப்பயணக் கதையான 'ஸ்டைன்ஸ் கேட்' எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் முதல் பாதி அரட்டையிலேயே போகும். உங்கள் அவசரத்துக்கு இப்போது வேண்டாம்.