பதின்மூன்றாம் மாடிக்கு ஏறியவர்கள்: ஒரு முதல் இசைத்தொகுப்பு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் உருவான '13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' குழுவினர், மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் தங்கள் முதல் தொகுப்பான 'த சைக்கடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் த 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' என்பதை வெளியிட்டார்கள். அதைப் பற்றி வந்திருந்த கேள்விகளில் ஒரே பொருளில் அமைந்தவற்றை இணைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நேற்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாப் பாடல்களிலும் புறாக்கூட்டம் குமுறுவதைப் போன்ற ஓர் ஒலி இடைவிடாமல் வருகிறது. பதிவில் ஏற்பட்ட கோளாறா?

கோளாறு அல்ல, அந்தக் குழுவின் அடையாளமே அதுதான். டாமி ஹால் என்பவர் ஒரு ஜாடியை வாயருகே பிடித்துக்கொண்டு, அதனுள் தம் குரலாலேயே விரைவான ஒலித்தொடர்களை எழுப்ப, ஜாடியின் வாயை ஒட்டி வைத்த மைக் அதை ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. இதை 'எலெக்ட்ரிக் ஜக்', அதாவது மின் ஜாடி, என்று குறிப்பிட்டார்கள். 1920களில் மெம்ஃபிஸ் நகரத்து ஜாடி இசைக்குழுவினர் ஜாடியில் காற்றை ஊதிக் கீழ்ஸ்தாயி ஒலியை எழுப்பினார்கள். ஹால் செய்ததோ வேறு, அவர் ஊதுவதைவிடக் குரல் கொடுத்ததே அதிகம். உங்களில் சிலர் 'கடம் போலவா?' என்று கேட்டிருந்தீர்கள். கடம் தட்டி வாசிக்கப்படுவது, தாளத்தைத் தாங்குவது; இந்த ஜாடியோ தாளத்திற்குக் கட்டுப்படாமல் அதன் மேலே மிதந்து செல்கிறது. பலருக்கு இது எரிச்சலூட்டும் என்பதை மறுக்க மாட்டேன். எனக்கே இரண்டு வாரம் பிடித்தது.

கேள்வி: இதைச் சிலர் கராஜ் ராக் என்கிறார்கள், சிலர் சைக்கடெலிக் ராக் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. கார் நிறுத்தும் கொட்டகைகளில் பயிற்சி செய்த இளைஞர் குழுக்களின் முரட்டு இசைக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர்தான் கராஜ் ராக். பாடகர் ரோக்கி எரிக்சன் முன்பிருந்த 'ஸ்பேட்ஸ்' அத்தகைய ஒரு குழு. தொகுப்பின் முதல் பாடலான 'யூஆர் கோனா மிஸ் மீ'யை அவர் அந்தக் குழுவோடு 1965லேயே ஒருமுறை பதிவு செய்துவிட்டார். பிரிந்துபோகும் காதலியிடம் பாடும் சாதாரணப் பொருள்தான். ஆனால் அந்த அலறலில் சாதாரணமானது எதுவும் இல்லை. புதிய குழுவோடு 1966 தொடக்கத்தில் அவர் மீண்டும் பதிவு செய்த வடிவம் அமெரிக்காவின் பிரபலப் பாடல் வரிசையான பில்போர்டு பட்டியலில் 55ஆம் இடம் வரை சென்றது. போதை தரும் மனமாற்ற அனுபவத்தை இசையாக்கும் சைக்கடெலிக் என்ற பகுதி ஹாலின் சிந்தனைகளோடும் அவருடைய ஜாடியோடும் வந்து சேர்ந்தது. ஆகவே உடல் கராஜ், அதனுள் புகுந்த ஆவி சைக்கடெலிக் என்று சொல்வேன்.

கேள்வி: அதே காலத்துச் சான் ஃபிரான்சிஸ்கோ குழுக்களின் இசை பூவும் வெயிலுமாக இருக்கிறது. இந்தத் தொகுப்பில் மட்டும் ஏன் இத்தனை இருட்டு?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. முதல் காரணம், ஸ்டேசி சதர்லாந்தின் கிதார். எதிரொலியையும் அதிர்வொலியையும் அவர் அலங்காரமாகச் சேர்க்கவில்லை; ஒவ்வொரு சுரமும் ஆழ்கிணற்றில் விழுந்த கல்லைப் போலத் திரும்பி ஒலிக்க, அடுத்த சுரத்திற்கு அவசரப்படாமல் காத்திருக்கிறார். 'ரோலர் கோஸ்டர்' பாடலில் அவர் மெதுவாகத் தொடங்கும் அந்த வரியைக் கவனியுங்கள். ஐந்து நிமிடப் பாடலின் நடுவில் தாளம் திடீரென்று விரைந்து, மீண்டும் அடங்கும்போது, தொடங்கிய இடத்திற்கே திரும்பினாலும் அது அதே இடமாகத் தோன்றுவதில்லை. எதிரொலி என்று பொருள்படும் 'ரிவர்பரேஷன்' என்ற பாடலுக்கு அடைப்புக்குறிக்குள் 'ஐயம்' என்ற பொருள்தரும் சொல்லையும் தலைப்பில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே எதிரொலி ஓர் ஒலி உத்தியாக மட்டும் இல்லாமல், மனத்துக்குள் சுழலும் சந்தேகத்தின் உருவமாகவே ஆகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அவர்கள் வாழ்ந்த இடம். 1966 ஜனவரியிலேயே, கஞ்சா வைத்திருந்ததாகக் குழுவினர் ஆஸ்டினில் கைது செய்யப்பட்டார்கள். அன்றைய டெக்சஸில் இதற்கான தண்டனை மிகக் கடுமையானது. வழக்கின் நிழலில், காவலர்களின் கண்காணிப்பில் வாசித்தவர்களின் இசையில் கலிஃபோர்னிய வெயிலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அந்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்று அவலான் அரங்கில் வாசித்தார்கள் என்றாலும், தொகுப்பின் பெரும்பகுதியை அக்டோபரில் டெக்சஸின் டல்லாஸ் நகரத்தில்தான் பதிவு செய்தார்கள்.

மூன்றாவதாக, பாடல்களை இயற்றியவர்களில் வெளியாள் ஒருவரும் உண்டு. 'யூ டோன்ட் நோ', 'கிங்டம் ஆஃப் ஹெவன்', 'மங்கி ஐலேண்ட்' ஆகிய மூன்றும் பவல் செயின்ட் ஜான் எழுதியவை. பாடகி ஜானிஸ் ஜாப்ளின் புகழ் பெறுவதற்கு முன் ஆஸ்டினில் அவரோடு சேர்ந்து பாடியவர் இவர். இந்த மூன்றில் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' மிகவும் கனமானது. சொர்க்கத்தைப் பற்றிய பாடல், ஆனால் நடை என்னவோ சவ ஊர்வலத்தின் நடை.

கேள்வி: 'சைக்கடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பில் முதலில் பயன்படுத்தியவர்கள் இவர்கள்தானா?

1966 இலையுதிர் காலத்தில், சில வாரங்களுக்குள், 'டீப்', 'ப்ளூஸ் மகூஸ்' ஆகிய இரண்டு குழுக்களின் தொகுப்புகளும் அதே சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்தன. இதில் முந்தியது எது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: பெயர்க் காரணம்?

அமெரிக்கக் கட்டடங்கள் பலவற்றில் 13 என்ற எண்ணுள்ள மாடியே இருக்காது. ராசியில்லாத எண் என்று 12க்குப் பிறகு 14க்குத் தாவிவிடுவார்கள். இல்லாத மாடிக்கு அழைத்துச் செல்லும் மின்தூக்கி என்று பொருள் கொள்ளலாம். ஆங்கில நெடுங்கணக்கின் பதின்மூன்றாம் எழுத்தில் தொடங்கும் 'மரிஹுவானா'வையும் (கஞ்சா) இது சுட்டுகிறது என்பார்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகன் கல்லூரியில் படிக்கிறான். இதை விடாமல் கேட்கிறான். இது போதைப்பொருளைப் பரப்பும் இசைதானே? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேர்மையாகச் சொல்வதானால், ஹாலின் நோக்கம் ஓரளவு அதுதான். தொகுப்பின் அட்டையின் பின்புறத்தில் அவர் எழுதிய குறிப்பு, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதன் அறிவைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறான் என்று தொடங்கி, மனநிலையை வேதிப்பொருளால் மாற்றி அந்தப் பிரிவினையைக் கடக்கலாம் என்று வாதிடுகிறது. தொலைக்காட்சியில் தொகுப்பாளர் டிக் கிளார்க், குழுவின் தலைவர் யார் என்று கேட்டபோது, நாங்கள் எல்லோருமே 'ஹெட்'தான் என்று ஹால் விடையளித்தார். அந்தச் சொல்லுக்குத் தலைவர் என்றும், கொச்சை வழக்கில் போதைப் பழக்கமுள்ளவர் என்றும் பொருள் உண்டு.

ஆனால் அதன் விளைவையும் மகனிடம் சொல்லுங்கள். எரிக்சன் 1969இல் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகி, மனநலம் குன்றியவர் என்ற வாதத்தின் பேரில் ரஸ்க் அரசு மருத்துவமனையில் 1972 வரை அடைக்கப்பட்டிருந்தார். அதற்குப் பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. கொள்கை வகுத்த குறிப்பையும் அதற்கு விலை கொடுத்த குரலையும் ஒரே தொகுப்பில் சேர்த்துக் கேட்கிறோம் என்ற உணர்வோடு அவன் கேட்டால், தடுக்க வேண்டிய தேவை இருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மோனோவா, ஸ்டீரியோவா?

எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும் மோனோ. ஸ்டீரியோவில் கருவிகள் இடமும் வலமும் விலகிவிடுவதால், ஜாடியும் கிதாரும் மோதிக்கொள்ளும் நெருக்கம் கலைந்துவிடுகிறது.

கேள்வி: பதினொரு பாடல்களில் எதிலிருந்து தொடங்கலாம்? இரைச்சல் எனக்கு ஒத்துவராது.

அப்படியானால் முதல் பாடலை விட்டுவிட்டு மூன்றாவதான 'ஸ்பிளாஷ் 1'இல் தொடங்குங்கள். எரிக்சனும் ஹாலின் மனைவி கிளமென்டைனும் சேர்ந்து இயற்றிய அமைதியான பாடல் அது. அந்தக் கரடுமுரடான குரலுக்குள் எவ்வளவு மென்மை இருந்தது என்பது அங்கே தெரியும். பிறகு 'யூ டோன்ட் நோ', அதன் பின் 'ரோலர் கோஸ்டர்'. தீயணைப்பு வண்டியின் ஊளையைக் குரலாலேயே எழுப்பித் தொடங்கும் 'ஃபயர் எஞ்சின்' பாடலை, வீட்டில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்துக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.