தண்ணி லாரிப் படம்: கேள்வி பதில்

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன நகைச்சுவைப் படம் எடுத்திருக்கிறோம். மாடி வீட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் தண்ணி லாரிக்குக் காத்திருப்பதுதான் கதை. எழுத்தும் எடிட்டிங்கும் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கே: பணம் ஏது?

ப: எட்டுப் பேர் சம்பளம். இதே ஊரில் 2013-இல் வந்த ‘லூசியா’ கன்னடப் படம் ரசிகர்கள் போட்ட பணத்தில் உருவானது. ஆனால் அதன் இயக்குநர் பவன் குமார் அதற்கு முன்பே ஒரு படம் இயக்கியவர். எங்களை நம்பி யார் போடுவார்கள்?

கே: அல்சூர் இரைச்சலில் லைவ் சவுண்டா? டப்பிங் செய்திருக்கலாமே?

ப: தாத்தா பாத்திரம் “லாரிக்காரன் வர்றேன்னு சொன்னான்...” என்று இழுத்து, எச்சில் விழுங்கி, “போன வாரம்” என்று முடிக்கும். அந்த விழுங்கல் டப்பிங் மைக் முன்னால் வராது. ஆனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. லாரி வரவில்லை என்று அவர் புலம்பும்போது பக்கத்துக் கட்டடத்துக்கு நிஜ லாரி வந்து மோட்டார் போட்டுவிட்டது! நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒன்று சொல்கிறேன்: எந்த இடத்தில் எடுத்தாலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் பின்னணிச் சத்தம், பதிந்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டும்போது அதுதான் காப்பாற்றும்.

கே: சிரிப்பு எழுத்தில் வருமா, எடிட்டிங்கிலா?

ப: எழுத்தில்தான் என்று நினைத்திருந்தேன். நொடிக்கு 24 ஃபிரேம். “போன வாரம்” என்பதற்கு முன்னால் மருமகள் முகத்தை 30 ஃபிரேம் வைத்தேன். மொட்டை மாடியில் போட்டுக் காட்டினோம், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு ஃபிரேம், அதாவது கால் நொடி, குறைத்தேன். சிரித்தார்கள். உடனே அடுத்த வசனம் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது! அப்புறம் நடுவில் காலிக் குடத்தை இரண்டு நொடி செருகினேன். தனியாகப் பார்த்தால் ஜவ்வு. கூட்டத்தோடு பார்த்தால் கச்சிதம். கதை தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நண்பர்கள் முகதாட்சண்யத்துக்குச் சிரிப்பார்கள்.

கே: வீட்டு ஓனர் கன்னடம் பேசுகிறாரே, புரியுமா?

ப: சப்டைட்டில் உண்டு. முதலில் வாக்கியம் முழுவதையும் ஒரேயடியாகப் போட்டோம். அவர் வாய் திறப்பதற்குள் ஜோக்கைப் படித்துவிட்டார்கள். இப்போது கடைசி வார்த்தை மட்டும் தனியாக வருகிறது.

கே: சென்சார்?

ப: தியேட்டருக்குக் கட்டாயம். 2024 விதிகளின்படி யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. விண்ணப்பம் இன்னும் போடவில்லை. தாத்தா ஓரிடத்தில் லாரிக்காரனின் பரம்பரையையே இழுக்கிறார்; அதைப் பற்றி எங்களுக்குள்ளேயே தகராறு.

கே: தாத்தாவாக நடித்தவர் எந்த நாடகக் குழு?

ப: எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர். படப்பிடிப்பு நடந்த பதினோரு நாளும் தெருவே கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனது.