நாக்கில் வசம்பு வேண்டாம், கண்ணெதிரே இரண்டு பொருள் போதும்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. பிறந்ததும் மஞ்சள் காமாலை முற்றி, மூளை முடக்குவாதம் வந்துவிட்டது. கை கால் தானாக முறுக்கிக்கொள்ளும். சொல்வது புரிகிறது, 'ம்மா' தவிர பேச்சு வரவில்லை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் பேசுவதால்தானா? மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். படம் காட்டிப் பழக்கினால் பேசவே மாட்டானாமே?
- ஒரு தாய், சூளகிரி

பதில்: இரண்டு மொழி காரணமே இல்லை, சகோதரி. தாராளமாகப் பேசுங்கள். மூச்சு, குரல்வளை, தாடை, நாக்கு, உதடு ஆகியவற்றுக்கு மூளையிலிருந்து போகும் கட்டளைதான் தடுமாறுகிறது. நாக்கில் குறையில்லை. வசம்பால் பேச்சு வராது. வயிற்றுக்குள் போனால் வாந்திதான் வரும்.

முதலில் காதைப் பாருங்கள். காமாலை முற்றிய பிள்ளைகளுக்குச் செவி நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. ஓ.ஏ.இ. என்ற செவிச் சோதனை உட்காதை மட்டும் பார்ப்பதால், அதில் 'பாஸ்' ஆனாலும் நரம்புக் கோளாறு தெரியாமல் போகலாம். ஒலி செவி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் முகத்தையும் கைஜாடையையும் பார்த்துக்கூட அவன் புரிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து, உட்காரும் விதம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்கி, பாதம் பலகையில் ஊன்றியிருக்கட்டும். கால் தொங்கினால் உடம்பு விறைத்து, மூச்சு குறுகி, குரல் எழும்பாது. கூழ் ஊட்டும்போதும் இப்படியே உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அண்ணாந்து ஊற்றினால் புரை ஏறும். தண்ணீர் குடித்ததும் இருமினாலோ குரல் கொரகொரத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படம் காட்டினால் பேச்சு நின்றுவிடும் என்பது தவறான பயம். கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குக் குரல் கொடுக்கவே ஆசை வரும். டம்ளரையும் பந்தையும் அவன் கண் மட்டத்தில், ஓரடி இடைவெளியில் பிடித்து, "எது வேணும்?" என்று கேளுங்கள். கை முறுக்கும் பிள்ளைக்குக் கண்தான் விரல். பார்த்ததைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான்: இரண்டு நொடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். பொருள் பழகியபின் படத்துக்கு மாறலாம். 'ஆமா', 'வேண்டாம்' இரண்டுக்கும் அவனால் சுலபமாகச் செய்ய முடிந்த தனித்தனி அசைவைத் தேர்ந்தெடுத்து, மாமியார் உட்பட வீடு முழுக்க அதையே பழக்குங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. மையம்' (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து பயிற்சி தரும் அரசு மையம்) எங்கே என்று விசாரித்து, பேச்சுப் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் 'நிரமயா' மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, பயிற்சிச் செலவைத் திரும்பப் பெறலாம். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.